புத்தகமா, மைக்ரோவேவா, சிலிக்கா ஜெல்லா: சிங்கப்பூர் வீட்டில் பூவைப் பாடம் செய்ய எந்த வழி?

போன மாதம் தோ பாயோவிலிருந்து சித்தி தொலைபேசியில் கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மணமாலையில் இருக்கும் பூக்களைக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, சட்டம் போட்ட படமாக மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "மரத்துல செஞ்ச அச்சு ஒண்ணு இணையத்துல விக்குது. நாலு மூலையிலயும் திருகு இருக்கு. அதை வாங்கிடட்டுமா? இல்ல, சின்ன வயசுல செஞ்ச மாதிரி கனமான புத்தகத்துக்குள்ளயே வச்சிடலாமா?" என்று கேட்டார்.

ஈசூன் வீட்டில் ஏழெட்டு வருடமாகப் பூக்களை அழுத்தி வாழ்த்து அட்டையும் படமும் செய்து வருகிறேன். அப்படியிருந்தும் அவருக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. "மாலைக்கு அந்த ரெண்டுமே வேணாம் சித்தி" என்றேன். ஏன் வேண்டாம், வேறு எது சரி என்று சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவருக்குச் சொன்னதையும், பேசி முடித்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் இதே ஆசையோடு இருப்பவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூ அழுத்தும் முறைகளைச் சொல்லித்தரும் கையேடுகள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே வருடத்தில் பல மாதம் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். சிங்கப்பூரில் ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 வரை இறங்கும். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழை நாட்களில் அந்தப் பிற்பகல் இறக்கமும் கிடைக்காது. அலமாரியில் வைத்த தோல் செருப்பு வெள்ளை பூத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளர அதுவே போதும்.

பூவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். கனத்தை ஏற்றினால் பூ தட்டையாகும், அவ்வளவுதான். தண்ணீரை வெளியே இழுப்பது பூவைச் சுற்றியிருக்கும் தாள். அந்தத் தாளே நம் வீட்டுக் காற்றை ஏற்கெனவே பாதி குடித்து வைத்திருந்தால் அது எங்கே இழுக்கும்? அதனால்தான் "இன்னும் ரெண்டு புத்தகம் மேல வை" என்ற யோசனை இங்கே பலிப்பதில்லை.

நிறத்தைக் கெடுப்பது இன்னொரு காரணம். வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுக்கிறதல்லவா? பூவை நசுக்கும்போதும் அதுவே நடக்கிறது. செல்கள் உடைந்து உள்ளேயிருக்கும் நொதிகள் காற்றோடு சேர, இதழ் பழுப்பாகிறது. ஈரம் இருக்கும்வரை இந்த வேலை ஓயாது. சீக்கிரம் காய்ந்த பூ நிறத்தோடு இருக்கும். மெல்லக் காய்ந்தது பழுத்துப்போகும். ஆகவே எந்த முறையானாலும் நான் கேட்பது இரண்டு கேள்விகள்தான்: தண்ணீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது? வெளியேறிய ஈரம் திரும்பி வராமல் தடுக்கிறதா?

புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன், எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். நோட்டுக்குள் மயிலிறகு வைத்து அது குட்டி போடும் என்று காத்திருந்த தலைமுறை நாங்கள். அரச இலையும் வைப்போம். இலை நன்றாகவே வரும். அந்த நம்பிக்கையில் பூவையும் வைத்தேன். முதல் வருடம் டிசம்பரில் ஒரு கொத்து சம்பங்கியைப் பழைய அகராதிக்குள் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றினேன். மூன்றாவது வாரம் திறந்தபோது சாம்பல் நிறத்தில் மயிர் மயிராகப் பூஞ்சை. பூ போனது போகட்டும், அகராதியில் இருபது பக்கம் போய்விட்டது. அது அப்பா கொடுத்த அகராதி. இன்றும் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

புத்தகத்தை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. நம் மேம்பாலங்களின் இரு பக்கமும் வழிந்து நிற்கும் காகிதப்பூ இருக்கிறதே, அதற்குப் புத்தகமே போதும். நாம் இதழ் என்று நினைக்கும் அந்த வண்ணப் பகுதி உண்மையில் பூவைச் சுற்றிய இலை. பறிக்கும்போதே பாதி காகிதம்போல இருக்கும். வேப்பிலை, பெரணி இலை, புல் கதிர் எல்லாம் இந்த வகைதான். அச்சடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையில் நேராக வைக்காமல் செய்தித்தாளுக்குள் வைத்து, அந்தத் தாளைப் புத்தகத்துக்குள் வையுங்கள். பழைய தமிழ் முரசு தாள் நன்றாக உறிஞ்சும். வழவழப்பான வார இதழ்த் தாள் உறிஞ்சாது, ஈரத்தைப் பூவிடமே திருப்பித் தள்ளும். மறுநாளும் மூன்றாம் நாளும் தாளை மாற்ற வேண்டும். செலவு ஒன்றுமில்லை, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை.

சித்தி கேட்ட மர அச்சு பார்க்க அழகானது. இரண்டு ஒட்டுப்பலகை, நடுவில் நெளிவு அட்டைகள், உறிஞ்சுதாள், நான்கு மூலையில் திருகு. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழும் என்பது அதன் உண்மையான பலம். நெளிவு அட்டை எதற்கு என்று தெரிந்தால்தான் அதன் பலவீனமும் புரியும். அட்டையின் நெளிவுகளுக்குள் காற்று ஓடி ஈரத்தை வெளியே எடுத்துப்போக வேண்டும் என்பதற்காக அது வைக்கப்படுகிறது. வறண்ட காற்றோ சூடான காற்றோ ஓடினால் சரி. நம் வீட்டுக் காற்று ஓடினால் ஈரம் உள்ளே போகவும் அதே வழி.

தாவர மாதிரிகளைச் சேகரிக்கும் ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட அச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள். பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரக் காப்பகத்தில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான மாதிரிகள் இருக்கின்றன. பெரும்பாலும் அழுத்திக் காயவைத்துத் தாளில் பொருத்தியவை. ஆனால் அவர்கள் அச்சை அப்படியே மேசைமேல் விட்டுவிடுவதில்லை. சூடான உலர்த்தியில் வைக்கிறார்கள். மழைக்காட்டுக்குள் உலர்த்தி கிடைக்காத இடங்களில், செடியைச் செய்தித்தாளில் சுற்றிச் சாராயத்தில் நனைத்து உறைக்குள் கட்டிவைத்து, ஊருக்குத் திரும்பிய பிறகு காயவைக்கும் வழக்கம் உண்டு. சாராயம் பூஞ்சையைத் தடுக்கும், நிறத்தைக் கொன்றுவிடும். ஆய்வுக்கு வடிவம் இருந்தால் போதும், நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். சுவரில் மாட்டும் படத்துக்கு அது ஆகாது. வெப்பமண்டலத்தில் அழுத்தம் மட்டும் போதாது என்பது இந்த வேலையையே தொழிலாகச் செய்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மர அச்சு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். பின்னால் சொல்லப்போகும் சிலிக்கா ஜெல் என்ற ஈரமுறிஞ்சும் குருணையோடு அதை ஒரு பெரிய பையில் போட்டு மூடினால் வேலை செய்யும். புதிதாக வாங்குவதென்றால் அந்தக் காசில் வேறு வாங்குங்கள்.

இஸ்திரிப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீராவியை அணைத்து, சூட்டைக் குறைவாக வைத்து, இரண்டு தாளுக்கு நடுவே இலையை வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். இலைக்கும் காகிதப்பூவுக்கும் சரி. ரோஜா இதழில் முயன்றால் ஒரு ஓரம் கருகி மறு ஓரம் ஈரமாக இருக்கும்.

மைக்ரோவேவ் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள், பூவைச் சமைப்பதா என்று. நான் இதை மிகவும் மதிக்கிறேன். சூடு சட்டென்று ஏறும்போது பழுப்பாக்கும் நொதிகள் வேலை செய்யுமுன் செயலிழந்துவிடுகின்றன. தண்ணீரும் நிமிடங்களில் ஆவியாகிறது. அதனால் மெல்லிய பூக்களின் நிறம் இதில்தான் மிகத் தெளிவாக நிற்கிறது. காரிடாரில் தொட்டியில் வளர்க்கும் சங்குப்பூவைக் காலையில் பறித்து அரை மணி நேரத்தில் அட்டையில் ஒட்டியிருக்கிறேன், அதே நீலத்தோடு.

இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். வீடு புதுப்பித்தபோது மிஞ்சிய இரண்டு வழவழப்பான தரை ஓடுகள் போதும். உலோகப் பூச்சு இல்லாதவையாக இருக்க வேண்டும். ஓடு, அதன்மேல் நாலைந்து வெள்ளைத் தாள், மெல்லிய டிஷ்யூ, பூ, மறுபடி டிஷ்யூ, தாள், ஓடு. சமையலறை டிஷ்யூவில் புள்ளிப் புள்ளியாக வேலைப்பாடு இருக்கும், அந்தப் புள்ளி இதழில் பதிந்துவிடும். வழவழப்பானதைத் தேடி வாங்குங்கள். பருத்திக் கயிற்றால் ஓடுகளைக் கட்டி, நடுத்தர சூட்டிலோ அதற்கும் குறைவாகவோ 30 விநாடி. வெளியே எடுத்துத் திறந்து நீராவி போகவிட்டு, ஓடு ஆறிய பிறகு மறுபடி 20, 30 விநாடி. ஆறவிடுவதில் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் பூ பழுப்பாகிறது. இதழின் ஓரத்தைத் தூக்கினால் துவளாமல் நிற்க வேண்டும். விரல் பட்டால் மெல்லிய தாள்போலச் சரசரக்க வேண்டும். அதற்கு ஒரு சுற்று முன்பே நிறுத்திவிட்டு, மிச்ச ஈரத்தைச் சிலிக்கா ஜெல்லிடம் விடுவது என் பழக்கம். மைக்ரோவேவுக்குள் ஓரமாகச் சிறு கோப்பையில் தண்ணீர் வைத்தால் கூடுதல் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். தாளும் காய்ந்த பூவும் தீப்பிடிக்கக்கூடியவை, பக்கத்திலிருந்து நகராதீர்கள். ஓடு எவ்வளவு சுடும் என்பதை முதல் தடவை கையுறையோடு தெரிந்துகொள்வது நல்லது.

இதன் குறை, ஒரு தடவைக்கு ஐந்தாறு பூதான் அடங்கும். பருமனான பூவின் உள்ளே தண்ணீர் கொதித்து இதழெல்லாம் வெந்த கீரைபோல ஆகும். ஒரு மாலையில் இருநூறு இதழ் இருந்தால் இரவு முழுக்க ஓடுகளோடு உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது நான் பெரும்பாலும் நம்பும் முறை. சிலிக்கா ஜெல் என்றதும் பலருக்கும் பூவை மணலுக்குள் புதைப்பதுபோலப் புதைத்துவைப்பது நினைவுக்கு வரும். அது உருண்டையான வடிவத்தோடு காயவைக்கும் வேறு கலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ரோஜாவை நிறுத்திவைக்க உதவும். தட்டையான படத்துக்கு நாம் செய்ய வேண்டியது, அழுத்தத்தையும் ஜெல்லையும் ஒரே மூடிய இடத்தில் சேர்ப்பது. அழுத்திய பூக்களால் படம் செய்யும் ஓஷிபானா கலையை வளர்த்த ஜப்பானில் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் நாட்டுக் கோடையும் புழுக்கமானது. ஈரமுறிஞ்சும் பொருளை ஊறவைத்த அட்டைகள் அங்கே விற்பனைக்கு உண்டு. அட்டை, டிஷ்யூ, பூ, டிஷ்யூ, மெல்லிய நுரைப்பஞ்சுத் தகடு, மறுபடி அட்டை என்று அடுக்கி, காற்றுப் புகாத பையில் போட்டு, மேலே கனம் ஏற்றுகிறார்கள். பஞ்சுத் தகட்டின் வேலை அருமையானது. பூவின் நடுப்பகுதி தடித்தும் இதழ் மெலிந்தும் இருப்பதால், வெறும் பலகையில் நடுப்பகுதி மட்டும் அழுந்தி இதழ் சுருங்கும். பஞ்சு அமுங்கி இதழ்வரை இறங்கிப் பிடித்துக்கொள்கிறது.

அந்த அட்டைகள் விலை கூடியவை. பல வருடம் செய்யப்போகிறவர் வாங்கலாம். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கினால் மறுபடி உலர்ந்து புதிதுபோல ஆகும், பலமுறை பயன்படும். ஒரு கல்யாணத்துக்காகச் செய்பவருக்கு வீட்டுத் தயாரிப்பே போதும். மெல்லிய பருத்தித் துணியில் தட்டையான பைகள் தைத்து, அதில் சிலிக்கா ஜெல்லைப் பரப்பித் தைத்துவிடுங்கள், சிறு தலையணைபோல. குருணை நேராக இதழில் படக் கூடாது, குழி விழும். துணிக்கும் பூவுக்கும் நடுவில் இரண்டு மூன்று தாள் வேண்டும். இந்த அடுக்கை ஜிப் பூட்டுப் பையிலோ நாலு பக்கமும் அழுத்தி மூடும் உணவுப் பெட்டியிலோ வைத்து, உள்ளிருக்கும் காற்றை முடிந்தவரை வெளியேற்றி, மேலே நாலைந்து கிலோ கனம் வையுங்கள். பெட்டியானால் கனத்தை உள்ளேயே வைக்க வேண்டும். ஜெல் எவ்வளவு என்றால், என் கணக்கு பூவின் எடையைப் போலப் பத்து மடங்கு. அதிகம்போலத் தோன்றும். ஆனால் காற்று வறள வறள ஜெல்லின் உறிஞ்சும் அளவு குறைந்துகொண்டே போகும், அதனால் கைதாராளமாக இருப்பது நல்லது.

ஜெல் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கும்; உடம்புக்கு ஆகாதது. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகை மேல். நிறம் மாறியதும் தட்டில் பரப்பி கேக் சுடும் அடுப்பில் 120 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். ஒரு கிலோ வாங்கினால் வருடக்கணக்கில் வரும். அலமாரியில் தொங்கவிடுகிறோமே, தண்ணீர் சேரும் ஈரமுறிஞ்சிப் பெட்டி, அது இதற்கு வேண்டாம். அதிலிருப்பது கால்சியம் குளோரைடு, உறிஞ்சியதும் உப்புத் தண்ணீராகிவிடும். கனத்துக்கு அடியில் அது சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பையில் சங்குப்பூ இரண்டு நாளில் காய்கிறது. ரோஜா இதழுக்கு மூன்று நான்கு நாள், ஆர்க்கிட்டுக்கு ஒரு வாரம். டிசம்பர் மழையிலும் கணக்கு மாறுவதில்லை. நான் இதை நம்பக் காரணம் அதுதான். வெளியே பெய்வது பைக்குள் தெரியாது.

ஏர்கான் அறையில் வைத்தாலே காய்ந்துவிடாதா என்று சித்தி இடையில் கேட்டார். ஏர்கான் ஓடும்வரை ஈரம் இறங்கும், காலையில் அணைத்தால் திரும்ப ஏறும். பூ இரவில் காய்ந்து பகலில் நனையும். புகைப்படக் கருவி வைக்கும் உலர்பெட்டி யாரிடமாவது இருந்தால் அது வேறு கதை. ஈரப்பதத்தை 40 விழுக்காட்டில் நிறுத்தலாம். பச்சைப் பூவைக் காயவைக்க அதுவும் மெதுவானது. காய்ந்த பூக்களைப் படம் செய்யும் நாள்வரை பாதுகாக்க அதைவிட நல்ல இடமில்லை. இல்லாதவர்கள் காய்ந்த பூவை ஜெல்லோடு பையிலேயே விடட்டும். மேசைமேல் திறந்து வைத்த இதழ் ஒரே பிற்பகலில் தளர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

முறையைவிடப் பூவைப் பொறுத்தது அதிகம். மாலை என்பது ஒரே பூ இல்லையே. தேக்காவில் பஃப்ளோ ரோடு, காம்பல் லேன் பக்கம் பூக்கடைகளில் கட்டும் மணமாலைகளில் ரோஜா, சாமந்தி, சம்பங்கி, ஆர்க்கிட், மல்லிகை என்று கலந்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

ரோஜாவை முழுதாக அழுத்தவே கூடாது. இதழ் இதழாகப் பிரித்துக் காயவைத்து, ஒட்டும்போது மறுபடி ரோஜாவாக அடுக்க வேண்டும். அடர்சிவப்பு ரோஜா காய்ந்தால் கறுப்பை ஒட்டிய நிறம் வரும். சங்குப்பூ தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகிறதே, அதே நிறப்பொருள் குடும்பம்தான் சிவப்பு ரோஜாவிலும். புளிப்பு கூடினால் சிவக்கும், குறைந்தால் நீலம் பாயும். ஜப்பானில் காயவைக்குமுன் சிட்ரிக் அமிலம் போன்றவற்றால் இதழைப் பக்குவப்படுத்திச் சிவப்பைக் காக்கிறார்கள். நமக்கு எளிய வழி, பூக்காரரிடம் இளஞ்சிவப்பு ரோஜா கேட்பது. காய்ந்த பிறகு அது ஒரு படி ஆழமாகி, நாம் விரும்பிய சிவப்புக்கு வந்து நிற்கும்.

சாமந்தியும் துலுக்கச் சாமந்தியும் மஞ்சளை விடுவதில்லை. அவற்றின் நிறப்பொருள் வேறு, கேரட்டின் குடும்பம். ஆனால் தலையோடு அழுத்தினால் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இதழ்களை உதிர்த்துவிடுங்கள். கனகாம்பரம் கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய பூ, மைக்ரோவேவில் அழகாக வரும். இட்லிப்பூவின் கொத்தைப் பிரித்து ஒவ்வொரு சிறு பூவையும் காம்பு நீக்கி வைத்தால் நாலு இதழ் நட்சத்திரங்களாகக் கிடைக்கும், படத்தின் இடைவெளிகளை நிரப்ப அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. செம்பருத்தி வழவழவென்று தாளில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியும். நாகலிங்கப் பூவோ அரளிச் சாதிப் பூக்களோ கையிலேயே எடுக்க வேண்டாம். ஒன்று தடிப்பு, மற்றது பால் வடியும்.

ஆர்க்கிட் சிங்கப்பூரர்களுக்கு ஆசையான பூ. 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் பூவைப் பாடம் செய்ய வேண்டும் என்று கேட்காதவர்கள் குறைவு. ஆர்க்கிட் இதழ் தடித்தது, மேலே மெழுகுப் பூச்சு வேறு. பல நாள் வாடாமல் நிற்கவைக்கும் அந்தப் பூச்சே காயவும் விடாது. பூவின் நடுவிலிருக்கும் தூணைச் சிறு கத்தியால் பின்பக்கமிருந்து எடுத்துவிட்டு, இதழ்களையும் உதடுபோல இருக்கும் கீழ் இதழையும் தனித்தனியாக வைத்து, படத்தில் மறுபடி பொருத்த வேண்டும். இதற்குச் சிலிக்கா பை தவிர வேறு வழியில் எனக்குச் சரியாக வந்ததில்லை. பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றிப் பூப்பறிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு கொத்து வாங்குங்கள், அல்லது தொட்டியில் வளருங்கள்.

மல்லிகையைப் பற்றிச் சொல்லும்போதுதான் சித்தியின் குரல் இறங்கியது. எந்த முறையிலும் மல்லிகையின் வெள்ளை நிற்பதில்லை. மைக்ரோவேவில் செய்தால் பழைய தந்தத்தின் நிறம், மற்றவற்றில் தேநீர்க் கறை நிறம். மணம் முற்றிலும் போய்விடும். சம்பங்கியும் ஏறக்குறைய அப்படித்தான்.

காயவைத்ததோடு வேலை முடிவதில்லை. எத்தனையோ பேர் கஷ்டப்பட்டுக் காயவைத்த பூ, சட்டத்துக்குள் போன ஆறே மாதத்தில் வெளுத்தோ பூஞ்சை பிடித்தோ போகிறது. பசையில் தண்ணீர் இருக்கிறது, அதனால் பல்குச்சி முனையால் ஒரு புள்ளி மட்டும் வைத்து ஒட்ட வேண்டும். அமிலமில்லாத தாளில் ஒட்ட வேண்டும். பிராஸ் பசா கட்டடத்தில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். இடைவெளி விடாமல் கண்ணாடி பூவை அழுத்தியபடி இருக்க வேண்டும். பின்பக்கம் அலுமினியத் தகடு வைத்து, அதற்குள் சிறு ஜெல் பொட்டலம் ஒன்றும், தின்பண்டப் பொட்டலங்களில் வருமே ஆக்சிஜன் உறிஞ்சி, அதில் ஒன்றும் வைத்து, ஓரமெல்லாம் ஒட்டுநாடாவால் மூடிவிட்டால் சட்டத்துக்குள்ளும் காற்று வறண்டே இருக்கும். சட்டம் போடும் கடையில் ஒரு தடவை கொடுத்தேன். பின்னால் வெறும் அட்டை வைத்து ஆணியடித்துத் தந்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் கண்ணாடியின் உட்புறம் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. அதற்குப் பிறகு பின்பக்கத்தை நானே மூடுகிறேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிற்பகல் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். நீலமும் இளஞ்சிவப்பும் வெளிச்சத்தில்தான் முதலில் போகும்.

சித்திக்குக் கடைசியில் சொன்ன யோசனை இது. மர அச்சு வேண்டாம். ஒரு கிலோ ஆரஞ்சு ஜெல், நாலு பெரிய ஜிப் பூட்டுப் பை, பஞ்சுத் தகடு, இரண்டு ஓடு. மாலையின் ரோஜா, சாமந்தி, ஆர்க்கிட் மூன்றும் பைகளுக்கு. மாலைக் குஞ்சத்தில் இருக்கும் மெல்லிய பூக்களும் இட்லிப்பூவும் மைக்ரோவேவுக்கு. வேப்பிலையும் மரிக்கொழுந்தும் புத்தகத்துக்கு. மாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று பூக்காரரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். மண்டபத்தில் சடங்கு முடிந்து மாலை கழற்றிய அன்று சாயங்காலமே அதைப் பிரித்துவிட வேண்டும்; ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தாங்கும், இரண்டாவது இரவு வேண்டாம்.

அதற்கு முன் ஒத்திகை ஒன்றும் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை தேக்காவில் அதே பூக்கள் கலந்த சிறு மாலை ஒன்றை வாங்கி, சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிரித்தோம். அவர் இதழ்களைப் பிரிக்க, நான் அடுக்கினேன். புதன்கிழமை ரோஜாப் பையைத் திறந்தபோது எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. ஒரு வாரம் கழித்துத் திறந்த ஆர்க்கிட்டில் இரண்டு மட்டும் தூண் சரியாக எடுபடாமல் நடுவில் பழுத்திருந்தது; அது என் கைவேலைக் குறை, கல்யாணத்தன்று இன்னும் சிறிய கத்தி கொண்டுபோவேன். சித்தி ஒரு இளஞ்சிவப்பு இதழை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மல்லிகைச் சரத்தை மைக்ரோவேவில் போட்டுத் தந்தத்தின் நிறத்திலாவது எடுக்கலாமா என்று நான்தான் கேட்டேன். "வேணாம்மா. அது அன்னைக்கு அவ தலையில இருக்கட்டும்" என்றார்.